பதினேழாவது வரி

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். தேயிலை ஃபேக்டரிக்கு வந்த இலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். எடை மேடையில் சண்டை, வழக்கம்போல.

இன்று:
அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. வாங்கியாயிற்று.
ரஹ்மத்தின் சுடிதார். தையல்காரர் நாளை என்கிறார்.
அக்டோபர் ரெஜிஸ்டர். பாதி.
வெப் பக்கம் ஏன் திறக்கவில்லை? தெரியவில்லை.

நான்காவதுதான் பிரச்சினை. இந்த நோட்டைப் பரணிலிருந்து எடுத்ததே அதற்காக. பதினைந்து வருடத்துக்கு முன் கோத்தகிரியில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபோது எழுதியது. பாஸ்வேர்டு பாடம் 42ஆம் பக்கம். அதோடு பாடம் முடிந்து மீதி எல்லாம் வெற்றுத் தாள். பயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தாளிடம் சொல்கிறேன்.

தங்கை ரஹ்மத்துக்கு (இனி ர. போதும்) வயது இருபத்தெட்டு. மாப்பிள்ளை பார்க்கிறோம். பெண்ணின் போட்டோவைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள், பார்ப்பார்கள், போட்டோ திரும்ப அம்மாவின் பீரோவுக்குள் போய்விடும். காலம் மாறிவிட்டதே என்று ஒரு வீட்டுக்கு மட்டும் ஃபோனில் அனுப்பினோம். பத்தே நாளில் அது ர. வேலை பார்க்கும் நர்சரி ஸ்கூலில் இன்னொரு டீச்சருக்கு வந்து சேர்ந்தது. ர. ஒரு வாரம் ஸ்கூலுக்குப் போகவில்லை.

அப்போது நான் கண்டுபிடித்த வழிதான் இந்த வெப் பக்கம். இலவசமாக இடம் தருகிறார்கள். மூன்று போட்டோ. முன்னால் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கும். சரியாகப் போட்டால் உள்ளே விடும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயால்தான் சொல்வேன். பார்த்து முடித்ததும் மாற்றிவிடுவேன், போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. திரையைப் படம் பிடித்தால் என்ன செய்வாய் என்று ர. கேட்டாள். பிடிக்கிறவர் பிடிக்கத்தான் செய்வார். கேட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாவது இருக்கும் என்றேன்.

இதுவரை நான்கு வீடு பார்த்தாயிற்று. இது ஐந்தாவது. கூடலூர் தாண்டி நாடுகாணிப் பக்கம், கேரள எல்லை, பேச்சில் பாதி மலையாளம். மாப்பிள்ளை அஷ்ரஃப், மிளகும் காப்பியும் வாங்கி விற்கிறார். அவருடைய அம்மா மைமூன் மாமி. ஒரு தங்கை ஷிபானா, காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். ஞாயிறு வருவதாகப் பேச்சு. அதற்கு முன்னால் போட்டோ பார்க்க வேண்டும். இன்று மத்தியானம் மாமி ஃபோன்.

"மோளே, மூணு தடவ அடிச்சாச்சு. தப்பு, தப்புன்னுதான் சொல்லுது."

என் ஃபோனில் திறக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கிறது. அவருக்குத் திறக்கவில்லை.

ர. சாயங்காலம் கேட்டாள்: "அக்கா, அவங்க எப்ப வர்றாங்க?" நான்கு வீட்டுக்கும் இப்படிக் கேட்டதில்லை. அதனால்தான் பயம்.


நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. பனி. எதிரே லாரி வந்தது ஹாரன் கேட்டுத்தான் தெரிந்தது.

கண்டுபிடித்தேன். ஃபோன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்குகிறது. போதாததற்குக் கடைசியில் ஒரு இடைவெளி விடுகிறது. நான் கொடுத்தது சின்ன எழுத்தில் ஊர் பேரும் ஒரு ஐந்தும். கம்ப்யூட்டருக்கு அதுவும் இதுவும் வேறு வேறு. மேனேஜர் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டு வரி சேர்த்தேன். எது அடித்தாலும் சின்ன எழுத்தாக்கு, ஓர இடைவெளியை வெட்டு. சோதித்தேன், திறந்தது. பதினைந்து வருடத்துக்குப் பிறகும் மூளை கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

வீட்டில் அந்த மூளை எடுபடவில்லை. கடையிலிருந்து சாப்பிட வந்த அத்தாவிடம், பெற்ற அப்பாதானே என்று, மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தா, இவங்ககிட்டயாச்சும் மொதல்லயே சொல்லிடலாமுங்க."

"எதை?"

எதை என்று அவருக்குத் தெரியும். ர.வுக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. பதினெட்டோடு நின்றது. பத்து வருடமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் ராத்திரி ஒரு மாத்திரை இன்றைக்கும் உண்டு. டாக்டர் கல்யாணத்துக்குத் தடை இல்லை என்கிறார்.

"ரெண்டு எடத்துல சொன்னமே, என்ன கெடச்சுது? நிக்காஹ் முடியட்டும். அப்பறம் அவங்க ஊட்டுப் புள்ள. நீ வாயத் தொறக்காத."

"மாத்திரைய எங்க வெச்சு முழுங்குவா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். எனக்கும் மறைத்துத்தான் கட்டிவைத்தார்கள். என் புருஷனுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தது பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லியும் பார்த்தேன். அத்தா எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

திரும்ப ஆபீஸ் வந்து வெப் பக்கத்தின் வரிகளுக்குள் ஒரு குறிப்பு எழுதி ஏற்றினேன். அது ஆபீஸ் பழக்கம். இலை ரெஜிஸ்டரில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பான வரியை ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாஸ்வேர்டு வரிகளையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஒரு வீடு முடிந்ததும் அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு. பக்கத்தில் எந்த வீடு, என்ன ஆயிற்று என்று தமிழில் குறிப்பு. இரண்டு சாய்கோடு போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. 'இது நமக்கு மட்டும்' என்று கோர்ஸில் சார் சொன்னதை நோட்டின் 41ஆம் பக்கத்தில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.

அத்தா மேல் இருந்த கோபத்தில் குறிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.


நவம்பர் 5, புதன்

இப்போது மணி மூன்று. ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு மாமிக்கு ஃபோன் செய்தேன், இப்போது பாருங்கள் என்று. பதினொன்றுக்கு ஷிபானா கூப்பிட்டாள். நல்ல பிள்ளை, சிரித்துக்கொண்டே பேசுவாள்.

"அக்கா, இப்ப பெட்டியே வரல கேட்டோ. சும்மா வெள்ளையா இருக்கு. நான் லேப்டாப்ல தொறந்து நோக்கினேன். பதினேழாவது வரியில எர்ரர்னு காணிக்குது. அது மட்டும் சரியாக்கினா மதி, போதும்."

"பதினேழாவது வரின்னு உனக்கெப்படிம்மா தெரிஞ்சுது?"

"உள்ள கோட் நோக்கினேனே அக்கா. எல்லாப் பக்கத்துலயும் நோக்கலாமே. மவுஸ்ல வலது பக்கம் அமுக்கினா வரும்."

சரிம்மா, சரி பண்ணிடறேன் என்றேன். வைத்துவிட்டேன். வலது பக்கம் அமுக்கினேன்.

எல்லாம் இருக்கிறது. ஒன்று விடாமல். பாஸ்வேர்டு, போட்டோ இருக்கும் பக்கத்தின் பெயர், என் குறிப்புகள் எல்லாம். கம்ப்யூட்டர் படிக்காது என்று சார் சொன்னார். மனிதர்கள் படிப்பார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதவில் பூட்டுப் போட்டுப் பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

பதினேழாவது வரி என்ன தெரியுமா. நேற்று எழுதிய நீளக் குறிப்பு. நடுவில் அடுத்த வரிக்குத் தட்டிவிட்டேன். முதல் பாதிக்குச் சாய்கோடு இருக்கிறது, இரண்டாம் பாதிக்கு இல்லை. அந்தப் பாதியைத்தான் கம்ப்யூட்டர் படிக்கப் பார்த்துத் தடுமாறி நின்றிருக்கிறது.

பக்கத்தை முழுதாக எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் குறிப்புகளை மட்டும் இந்த நோட்டில் 49ஆம் பக்கத்தில் பார்த்து எழுதினேன். ஏன் எழுதினேன்? அழிக்கக் கூடாது என்ற பழக்கம். பைத்தியக்காரப் பழக்கம்.

அந்தக் குறிப்புகள் இவைதான்:

ஈரோடு. வலிப்பு சொன்னோம். வேண்டாம் என்றார்கள்.
திருப்பூர். போட்டோ பார்த்ததோடு சரி. நிறம் போதாதாம்.
குன்னூர். வலிப்பு சொன்னோம். மூன்று நாள் கழித்து 'வேறு இடம் அமைந்துவிட்டது'.
கோவை. பெண் சரி. அக்காக்காரி புருஷனை விட்டு வந்தவளாமே என்றார்கள்.
வரி 16. கூடலூர். இவர்களிடம் ர.வின் வலிப்பைச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்கிறார் அத்தா.
வரி 17. பிறகு தெரிந்தால் என்ன செய்வார்கள், திருப்பி அனுப்பமாட்டார்களா?

இதைத்தான் அந்தப் பிள்ளை நோக்கியிருக்கிறது.


நவம்பர் 6, வியாழன்

மழை. கரண்ட் இல்லை, மத்தியானம் வரை ஜெனரேட்டர்.

கூடலூரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பெட்டி வந்ததா என்று கேட்கவில்லை. போட்டோ எங்கே என்று கேட்கவில்லை. படித்திருக்கிறாள். மாமியிடம் காட்டியிருக்கிறாள். இல்லாவிட்டால் ஏன் இந்த அமைதி?

யோசித்துப் பார்த்தது:
1. வரமாட்டார்கள். காரணம் சொல்லமாட்டார்கள்.
2. வந்து, எல்லார் முன்னாலும் ர.விடம் கேட்பார்கள்.
3. நாடுகாணியிலிருந்து குன்னூர் வரை சொல்லிவிடுவார்கள். அத்தா கடைக்கு வருகிறவர்கள் வரை.
4. போட்டோவையும் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.
5. அத்தாவுக்குத் தெரியும். என்னால் என்று தெரியும்.

மூன்று தடவை ஃபோனைக் கையில் எடுத்தேன். ஷிபானாவிடம் என்னவென்று கேட்பது? நீ படித்தாயா என்று கேட்டால் படிக்க என்ன இருந்தது என்பாள். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அம்மா அடிக்கடி சொல்வாள்.

ரெஜிஸ்டரில் ஒருவர் இலையை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டேன். இலைக்குச் சொந்தக்காரப் பெரியவர் வந்து நின்றார். படுக மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார், பிறகு தமிழில்: "ஏனுங்கம்மா, ஒடம்பு சரியில்லீங்களா?" கோடு போட்டு அடித்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? கவனக்குறைவு என்று எழுதினேன்.

வீட்டுக்குப் போனால் ர. புதுச் சுடிதாரைப் போட்டுக் காட்டுகிறாள். பச்சை. கை கொஞ்சம் நீளம். "ஞாயித்துக்கெழமை ரோடு தொறந்திருக்குமாக்கா?" என்கிறாள். இவளுக்கு மண் சரிவு ஒன்றுதான் பயம்.

அத்தா பிரியாணிக்கு அரிசி சொல்லிவிட்டு வந்தார்.


நவம்பர் 7, வெள்ளி

அரை நாள் லீவு போட்டேன். அத்தா ஜும்மாவுக்குக் கிளம்பினார். அம்மா உள்ளே தொழுகையில். ர.வுக்கு ஸ்கூல் மழை லீவு. அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

ர.விடம் சொல்லிவிட்டேன். பக்கம், வலது பக்கம் அமுக்குவது, பதினேழாவது வரி. அவள் புரிந்துகொள்ளவில்லை. என்ன எழுதினாய் காட்டு என்றாள். நோட்டைக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. 49ஆம் பக்கத்தில் கூடலூர் மட்டும் இல்லை.

நான்கு வீட்டையும் நாங்கள்தான் வேண்டாம் என்றதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ஈரோட்டு மாப்பிள்ளைக்குச் சிகரெட், திருப்பூரில் கூட்டுக் குடும்பம், குன்னூரில் மாமியாருக்கு வாய் நீளம். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அம்மா யோசனை, நானும் சேர்ந்துகொண்டேன்.

மெதுவாகப் படித்தாள். விரலை வைத்து, அவள் ஸ்கூல் பிள்ளைகள் படிக்கிற மாதிரி. நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தேன்.

"எல்லாரும் அவங்கதான் வேண்டாம்னாங்களா?"

ஆமாம் என்றேன்.

"நாலு பேருமா?"

ஆமாம்.

கோவை வரியில் விரல் நின்றது. "இது என்னால இல்லியே. இதையும் ஏன் மறைச்சே?" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்.

நோட்டை மூடி என்னிடமே நீட்டினாள். பிறகு, "கூடலூர் மாமி நம்பர் குடு."

"எதுக்கு?"

"நீயும் அத்தாவும் எனக்கு என்னன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க, இல்லன்னா மறைக்கறீங்க. என்னைய ஒரு தடவ கேட்டீங்களா?"

கொடுத்திருக்கக் கூடாதோ என்று இப்போதும் யோசிக்கிறேன். கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள், நான் கேட்கட்டும் என்றுதான்.

"மாமி, நான் ரஹ்மத் பேசறனுங்க. அக்கா எழுதி வெச்சிருந்ததை ஷிபானா பாத்திருக்கும். அதைப் பத்தித்தானுங்க."

"எதெப் பத்தி மோளே?"

மாமிக்குத் தெரியாது. குரலிலேயே தெரிந்தது, ஒன்றும் தெரியாது. வேண்டாம், வை என்று கையை ஆட்டினேன். ர. என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்பது வயதில் ஆரம்பித்தது, கடைசியாக எப்போது, மாத்திரையின் பெயர், ராத்திரி எத்தனை மணிக்கு. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றார்கள், நான் சொல்கிறேன் என்பதையும் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

பிறகு மாமி, "சரி மோளே. அஷ்ரஃப் வரட்டும். சொல்லாம்."

அவ்வளவுதான். அத்தா குடையை உதறிக்கொண்டு படியேறும்போது ர. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.


நவம்பர் 8, சனி

மழை இல்லை. வெயில்கூடக் கொஞ்சம். நம்ப முடியவில்லை.

ஷிபானா மெசேஜ் அனுப்பினாள். ஆங்கில எழுத்தில் தமிழ். நேற்று ராத்திரி நானும் அப்படியே எழுதிக் கேட்டேன், குறிப்பைப் படித்தாயா, யாருக்காவது காட்டினாயா என்று, அதற்குப் பதில்: 'நான் மலையாளம் மீடியம் அக்கா. தமிழ் பேச அறியும், படிக்க அறியாது. அந்த வரி தமிழில் இருந்தது. என்ன எழுதியிருக்குன்னு அறியாது. நீங்க பக்கம் சரியாக்கறதை அம்மாவுக்குச் சொல்லக் காலேஜ் வேலையில் மறந்துட்டேன், சாரி.'

நான்கு தடவை படித்தேன்.

எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். முதலில் தோன்றியது இதுதான்: புதன்கிழமையே இது தெரிந்திருந்தால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டு சாய்கோடு போட்டு வரியைச் சரிசெய்திருப்பேன். போட்டோ பார்த்திருப்பார்கள். அத்தா சொன்ன மாதிரி எல்லாம் முடிந்திருக்கும். அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ர.விடம் மெசேஜைக் காட்டினேன். "ஓ" என்றாள். உளுந்து ஊறப் போட்டாளா என்று அம்மாவிடம் கேட்கப் போய்விட்டாள்.

சாயங்காலம் நாலரைக்கு மைமூன் மாமி. நான்தான் எடுத்தேன்.

"நாளைக்கு வரோம் கேட்டோ. ஊட்டி வழியா. மழ இல்லெங்கில் பதினோரு மணி."

"மாமி, போட்டோ இன்னும் நீங்க பாக்கலீங்களே. பக்கத்தை எடுத்துட்டேன். வேற வழியில..."

"போட்டோ வேண்டா மோளே. ஆளெக் காணத்தானே வரது."

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருகிறார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தமா? வேண்டாம் என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை என்று நினைக்கிறவர்களும் உண்டு. ர. ராத்திரி மாத்திரையை நாங்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போதே போட்டுக்கொண்டாள். இத்தனை வருடமும் சமையலறைக்குள் போய்த்தான் போடுவாள். அத்தா பார்த்தார், தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.


நவம்பர் 9, ஞாயிறு

பனி. ரோடு திறந்திருக்கிறது, விசாரித்தேன். அவர்கள் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார்களாம்.

மணி பத்து. வேலை ஆயிற்று. உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிரியாணி. தம்மில்.
நாற்காலி. பக்கத்து வீட்டில் நான்கு.
தயிர். அம்மா புளிக்கிறது என்கிறாள், எனக்குத் தெரியவில்லை.
பச்சைச் சுடிதார், கை மடித்துத் தைத்தாயிற்று.

அத்தாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்கிறேன் என்று நேற்றே ர. சொன்னாள், இன்னும் சொல்லவில்லை.

பத்தரை. இப்போதுதான் நடந்தது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அத்தா கடையைச் சாத்திவிட்டு வந்தார். என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அந்த விசயம் மட்டும் வாயத் தொறந்துராத. என்ற மானம் உன்ற கையில இருக்குது" என்றார். நான் தரையைப் பார்த்தேன். ர. கண்ணாடி முன்னால் துப்பட்டாவுக்குப் பின் குத்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அத்தா, நான் சொல்லிட்டனுங்க."

"யார்கிட்ட?"

"மாமிகிட்ட. வெள்ளிக்கெழமை. மாத்திரை வரைக்கும்."

கத்துவார் என்று அம்மா முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவர் கத்தவில்லை. இரவல் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். ர.வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் அடுக்கியிருந்த செருப்பைப் பார்த்தார்.

"சொல்லியுமா வர்றாங்க?"

இன்னொரு தடவை கேட்டார், எங்களிடம் இல்லை. பிறகு எழுந்து, அம்மாவிடம் அந்த வெள்ளைச் சட்டையை எடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ர.வால் பின் குத்த முடியவில்லை. என்னைக் கூப்பிடுகிறாள். வண்டி ஒன்று திருப்பத்தில் ஏறுகிற மாதிரி சத்தம் கேட்கிறது. நோட்டை மூடுகிறேன்.